ரமழானா, ரமளானா, ரம்ஜானா?

ஷஃபான் மாதத்தின் இறுதி வாரத்தில் நம் ஊர்க் கடைத்தெருவில் ஒருமுறை நடந்து சென்றால் போதும். ஒரே மாதத்தின் பெயரை ஐந்து விதமாக எழுதியிருக்கக் காணலாம். பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் ‘ரமலான்’. ஜவுளிக் கடையின் பதாகையில் ‘ரம்ஜான்’. மதரசாவின் நன்கொடைச் சீட்டில் ‘ரமளான்’. இலங்கையிலிருந்து வந்த நூலில் ‘ரமழான்’. வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர் அச்சிட்ட வாழ்த்து அட்டையில் ‘ரமதான்’. எழுதியவர் ஒவ்வொருவரையும் கேட்டால், தாம் எழுதியதே சரி என்பார். மற்றவையெல்லாம் பிழை என்றும், பாமரர் வழக்கு என்றும் தள்ளுவார். ‘ஏன்?’ என்று மேலும் கேட்டால் இறுதியில் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘எனக்கு அப்படி எழுதினால்தான் எழுதியது போலிருக்கிறது!’

கண்ணுக்கு ஒரு விருப்பம் உண்டு. காதுக்கும் ஒரு விருப்பம் உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அவ்விருப்பத்தை மார்க்கத்தின் கட்டளைபோல் பிறர்மீது சுமத்த மட்டும் தயங்குவதில்லை. இதனை மற்றவரைக் குறித்துச் சொல்லுமுன் நம்மைக் குறித்தே சொல்லிவிடுவது நேர்மை.

1990-களின் தொடக்கத்தில், மதரசாவில் பட்டம் பெற்று வந்த புதிதில், நாம் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் பணியாற்றினோம். அங்கே முதியவரான மோதினார் ஒருவர் இருந்தார். பாங்கு சொல்வதோடு, நோன்பு மாதத்தில் ஸஹர் முடியும் நேரத்தையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பதும் அவர் பணி. அவருடைய எழுத்து முத்துப் போன்றிருக்கும். தலைப்பில் ‘ரமலான் பிறை’ என்று எழுதி, அதனருகே நாளின் எண்ணை இடுவார். முதல் நாளிலேயே அது நம் கண்ணை உறுத்தியது. அரபி கற்ற இறுமாப்பு வேறு! நாலுபேர் நின்றிருக்க, அந்த லகரத்தை விரலால் அழித்து, அவ்விடத்தில் ‘ழ’ என்று எழுதினோம். “அரபியில் இது லாம் இல்லை, எழுத்துத் தெரியாமல் எழுதக்கூடாது” என்றும் சொன்னோம். அவர் சினக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை நம் கையில் கொடுத்து, “சரிங்க ஹஜ்ரத்து, இனிமே நீங்களே எழுதிடுங்க” என்றார். அவ்வளவுதான். அந்த மாதம் முழுவதும் நாமே எழுத நேர்ந்தது. அதற்கடுத்த ஆண்டுகளிலும் அவர் அந்தப் பலகையைத் தொடவில்லை.

அன்று நாம் சரியாகத்தான் திருத்தினோமா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் பஸராவுக்கும் ஸ்பெயினுக்கும் மலாய் நாட்டிற்கும் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது.

ளாது என்னும் எழுத்து

‘ரமழான்’ என்னும் சொல்லின் நடுவே நிற்பது, நம் மதரசாப் பிள்ளைகள் ‘ளாது’ என்று ஓதும் எழுத்து. இவ்வொலி தங்கள் மொழிக்கே உரியது என அரபு மக்கள் பெருமை கொண்டனர். அதனால் அரபிக்கு ‘ளாதின் மொழி’ என்றே ஒரு பெயர் வழங்குகிறது. பத்தாம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் முதனப்பியும் ‘ளாதை மொழிவோர்’ என்று அரபுகளைச் சுட்டிப் பாடியுள்ளார். பெருமானார் (ஸல்) அவர்களே இவ்வெழுத்தைக் குறித்துப் பெருமிதமாகச் சொன்னார்கள் என்று மேடைகளில் கூறப்படும் செய்திக்கு மட்டும் ஆதாரம் இல்லை என்பது ஹதீஸ் கலை வல்லுநர் முடிவு.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்த இலக்கண ஆசான் சீபவைஹி, பிறப்பால் பாரசீகர். பஸராவில் பயின்று, ‘அல்கிதாப்’ என்னும் இலக்கணப் பெருநூலை ஆக்கியவர். எழுத்துகளின் பிறப்பிடத்தை ஒவ்வொன்றாக வகுக்கும் அவர், நாவின் பக்க விளிம்பு அதனையடுத்த கடைவாய்ப் பற்களைச் சேருமிடத்தில் ளாது பிறக்கிறது என்கிறார். நாவின் விளிம்பிலேயே, நுனியை நோக்கி வந்த இடத்தில், லாமுக்கும் பிறப்பிடம் வகுக்கிறார். எனவே அவர் செவியில் விழுந்த ளாது, லாமுக்கு அண்டை வீட்டுக்காரன். இன்றும் தஜ்வீது நூல்கள் இவ்வெழுத்தின் பிறப்பிடத்தை அவர் சொன்னவாறே கற்பிக்கின்றன.

இனி நம் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பாருங்கள். லகர ளகரங்கள் பிறக்கும் முறையைக் கூறுமிடத்தில், நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்துவதையே தொல்காப்பியரும் முதன்மையாகக் குறிக்கிறார். ழகரத்துக்கோ நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் என்கிறார். ஒருவர் தமிழகத்தார், மற்றவர் பஸராவில் பயின்றவர், காலத்தாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் நாவின் விளிம்பு என்னும் அந்த ஓரிடத்தில் இருவர் நூல்களும் சந்திக்கின்றன. அரபியும் தமிழும் கற்ற நம் முன்னோர், தமிழில் ளாதுக்கு இடம் தேடியபோது லகர, ளகர, ழகரக் குடும்பத்தின் வாயிலைத் தட்டியது தற்செயல் அன்று.

அக்குடும்பத்துள்ளும் ஒரு நுட்பம் உண்டு. பிறப்பிடத்தை நோக்கினால் ளாதுக்கு நெருக்கமானவை லகர ளகரங்களே. ஆனால் எழுதும் கைக்கோ ழகரம் இனித்தது. அரபிக்கு ளாது எப்படியோ, அப்படித் தமிழுக்குச் சிறப்பெழுத்து ழகரம். ஒரு மொழியின் பெருமைக்குரிய எழுத்துக்கு இன்னொரு மொழியின் பெருமைக்குரிய எழுத்தை இணையாக நிறுத்துவதில் ஓர் அழகு இருக்கிறது. மேலும், தென்பாண்டிக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் ‘பழம்’ என்று எழுதிப் ‘பளம்’ என்று பேசுவார் பலர். அவர்கள் வாயில் ரமழானும் ரமளானும் ஒன்றே; எழுத்தின் வடிவம்தான் வேறு.

மேற்கே ஸ்பெயின், கிழக்கே மலாயா

லகரத்தின் சாயலில் ளாதைக் கேட்டவர் நாம் மட்டுமல்லர். 711-இல் முஸ்லிம்கள் அடியெடுத்து வைத்து, 1492-இல் கடைசி அரசை இழந்த ஸ்பெயினில், இன்றும் நகரத் தலைவருக்கு ‘அல்கால்தே’ என்று பெயர். ‘அல்காளி’ என்னும் அரபிச் சொல்லே அது. ளாது இருந்த இடத்தில் லகரமும் தகரமும் கூடி நிற்கின்றன. நகர்ப்புறச் சேரியைக் குறிக்கும் ‘அர்ரபள்’ என்னும் சொல்லோ அங்கே ‘அர்ரபால்’ ஆயிற்று. ஆட்சி போயிற்று, பள்ளிவாசல்கள் போயின. ஸ்பானிய நாவில் தங்கிவிட்ட லகரம் மட்டும் போகவில்லை.

கிழக்கே மலாய் மொழியில் ‘வேண்டும், தேவை’ என்னும் பொருளில் வழங்கும் ‘பெர்லு’ என்பது நம் ‘பர்ளு’தான். மனமிசைதலைக் குறிக்கும் ‘ரெலா’ என்பது ‘ரிளா’. ளாதுக்கு நெருங்கிய உறவான ளா என்னும் எழுத்திலும் இதே கதை: ளுஹர் தொழுகை அங்கே ‘லொஹோர்’. கேரளத்து மாப்பிள்ளைமாரும் ‘ரமளான்’ என்றே சொல்கின்றனர். இலங்கை முஸ்லிம்கள் ‘வுழூ’ என்றும் ‘ழுஹர்’ என்றும் எழுதுகின்றனர். ஆக, இந்துமாக் கடலின் கரைகளிலெல்லாம் இவ்வெழுத்து லகரக் குடும்பத்தோடு ஒட்டி வாழ்ந்திருக்கிறது.

வடக்கிலிருந்து வந்த வழக்கு வேறு. பாரசீகரும் துருக்கியரும் ளாதை ஸாயைப் போல் ஒலித்தனர். அவர்களுக்கு அம்மாதம் ‘ரமஸான்’. பாரசீகத்தின் வழியே உருதுவுக்கும் அவ்வொலியே வந்தது. தமிழகத்தில் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி, குறிப்பாக வாலாஜா முஹம்மது அலியின் நெடிய ஆட்சிக்காலம் (1749–1795), பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் அரசவை மதிப்பைத் தந்தது. பின்னர் வட ஆர்க்காட்டுப் பகுதியில் உருது வாயிலாகப் பாடம் சொன்ன மதரசாக்களும் அவ்வொலியைப் பரப்பின. அந்த ஸகரத்துக்குத் தமிழில் எழுத்தில்லை; ஆகவே ஜகரம் அவ்விடத்தைப் பிடித்தது. ‘ரம்ஜான்’ பிறந்த வரலாறு இது. காளி ‘காஜி’ ஆனதும் இவ்வழியில்தான்.

‘ரமதான்’ என்பது இளையது. எகிப்து, சிரியா நகரங்களில் இன்று ளாது கனத்த தால் போல ஒலிக்கிறது. ஆங்கில எழுத்திலும் அவ்வாறே அமைந்தது. 1970-களுக்குப் பின் நம்மவர் பெருவாரியாக வளைகுடா நாடுகளுக்குச் சென்று, அங்கே அதனைக் கண்டும் கேட்டும் வந்தனர். இலங்கையில் காழிக்குக் ‘காதி’ என்றொரு வழக்கும் உண்டாதலின், தகரமும் நமக்கு முற்றிலும் புதிதன்று.

இப்போது அந்தக் கரும்பலகையின் முன் நடந்ததை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ‘ரம்ஜான்’ என்பதைப் பாரசீகச் சிதைவு என்று நாம் அக்காலத்தில் இகழ்ந்து வந்தோம். ஆனால் மோதினார் நம்மை ‘ஹஜ்ரத்து’ என்று அழைத்தபோது உள்ளம் குளிர்ந்தோம். அந்தச் சொல்லின் நடுவிலும் ளாதுதான் இருக்கிறது. அங்கும் அது ஜகரமாகத்தான் திரிந்திருக்கிறது! நம் பட்டத்தில் இனித்த ஜகரம் மாதத்தின் பெயரில் மட்டும் கசந்தது ஏன்? கல்வி அன்று அதற்குக் காரணம்; பழக்கமும் விருப்பமுமே.

அரபுத்தமிழ் தந்த அமைதி

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தப் பூசல் அவ்வளவாக எழ இடமில்லை. காரணம், அவர்களிடம் அரபுத்தமிழ் இருந்தது. தமிழை அரபி எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத பகரம், டகரம், ணகரம், ழகரம் போன்ற தமிழ் ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளின்மேல் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்கள் (1816–1898) எழுதிய நூல்கள் இல்லந்தோறும் பெண்மணிகளால் ஓதப்பட்டன. அவ்வெழுத்தில் தமிழ்ச் சொல் தன் ஒலியை இழக்கவில்லை. அரபிச் சொல்லும் தன் எழுத்தை இழக்கவில்லை. ரமழான் அங்கே ளாதுடனேயே எழுதப்பட்டது. வாய்க்கு வந்தபடி ஒருவர் ளகரமாகவும் இன்னொருவர் லகரமாகவும் ஓதினர். கண் ஒன்றுபட்டிருந்தது, காது வேறுபட்டாலும் சண்டையில்லை.

தமிழ் எழுத்தில் அச்சிடும் வழக்கம் பெருகி, அரபுத்தமிழ் மெல்ல மறையத் தொடங்கியபின்தான் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்கென ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்துகொள்ள நேர்ந்தது. நாம் இன்று ‘மரபு’ என்று வாதிடும் எழுத்துக்கூட்டல்கள் பல, அச்சுக்கூடத்தில் ஒருவர் ஒருநாள் எடுத்த முடிவின் வழித்தோன்றல்களே.

செய்யுளில் தமிழ் எழுத்தையே ஆண்ட புலவர்கள், தமிழின் செவிக்கு இசையச் சொற்களை அமைத்தனர். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மூன்று காண்டங்கள்: விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம். வல்லொற்றில் சொல் முடிவதைத் தமிழ்ச் செவி ஏற்பதில்லை. எனவே ஈற்றில் ஓர் உகரம் வந்து சேர்ந்தது. ‘உமர்’ என்பது ‘உமறு’ ஆனபோது றகரமும் உகரமும் அப்பெயருக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தன என்றே நமக்குப் படுகிறது. ‘முஅத்தின்’ என்னும் அரபிச் சொல் ‘மோதினார்’ ஆனபோதோ, தமிழின் மரியாதை விகுதியும் சேர்ந்தது. பாங்கு சொல்பவருக்குத் தமிழ் ‘ஆர்’ கொடுத்து நாற்காலியிட்டது. அந்த மோதினாருக்கு நாம்தான் மரியாதை கொடுக்கவில்லை!

அரபிகள் செய்தது என்ன?

அரபிச் சொல்லைத் தமிழ்ப்படுத்தினால் அதன் கண்ணியம் குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. அரபிகள் பிறமொழிச் சொற்களை என்ன செய்தனர் என்பதைக் காண்போம். பாரசீகத்தில் யானைக்குப் ‘பீல்’ என்று பெயர். அரபியில் பகரம் இல்லை. அது ‘ஃபீல்’ ஆயிற்று. அப்பெயரால் ஓர் அத்தியாயமே திருமறையில் உண்டு. சுவனத்தின் பானத்தைக் கூறுமிடத்தில் 76-ஆம் அத்தியாயத்தில் வரும் ‘ஸன்ஜபீல்’ என்னும் இஞ்சியின் பெயர், நம் ‘இஞ்சிவேர்’ என்னும் சொல்லோடு உறவுடையது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

திருமறையில் பிறமொழிச் சொற்கள் உண்டா என்னும் வினாவில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இல்லை என்றார்கள். வேறு சிலர் உண்டு என்றனர். 838-இல் மறைந்த அபூஉபைத் காசிம் இப்னு ஸல்லாம் (ரஹ்) அவர்கள் இரு சாராரையும் இணைத்தார்கள். அச்சொற்களின் மூலம் வேற்றுமொழியே. ஆனால் அரபிகளின் நாவில் பட்டு, அவர்களின் எழுத்துக்கு ஏற்ப மாறி, அரபியாகவே ஆகிவிட்டன என்பது அன்னாரின் முடிவு. இந்நீதி அரபிக்கு மட்டும்தானா? தமிழரின் நாவில் பல தலைமுறைகள் பழகிய சொல்லைத் தமிழ்ச் சொல் என்பதில் குற்றம் என்ன?

எல்லை எது?

இவ்வாறு கூறுவதால், எப்படியும் ஓதலாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. திருமறை ஓதுதல் வேறு, தமிழில் எழுதுதல் வேறு. ஓதுதலில் ஒவ்வோர் எழுத்துக்கும் சட்டம் உண்டு. தக்வீர் அத்தியாயத்தின் 24-ஆம் வசனத்தில் ஒரு சொல்லை ளாதுடன் ஓதுவோரும் உண்டு, ளாவுடன் ஓதுவோரும் உண்டு. இரண்டும் ஏற்கப்பட்ட ஓதல் முறைகள். ளாதுடன் ஓதினால், நபியவர்கள் மறைவான செய்தியை அறிவிப்பதில் கஞ்சத்தனம் செய்பவரல்லர் என்று பொருள். ளாவுடன் ஓதினால், அதில் ஐயப்படத்தக்கவரல்லர் என்று பொருள். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறுகிறது. அங்கே நம் விருப்பத்துக்கு வேலையில்லை.

ஓதற்கலையின் பேராசான் இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்கள் (1350–1429) இதனைத் தெளிவாகவே எழுதியுள்ளார்கள். நாவுக்கு ளாதைப் போல் கடினமான எழுத்து வேறில்லை என்று கூறி, மக்கள் அதில் தவறும் வகைகளை அடுக்குகிறார்கள்: சிலர் அதனை ளாவாக்குகின்றனர்; சிலர் தாலோடு கலக்கின்றனர்; சிலர் கனத்த லாமாக்குகின்றனர்; சிலர் ஸாயின் சாயலை ஏற்றுகின்றனர்; ஓதுதலில் இவற்றுள் எதுவும் கூடாது என்பது அவர்களின் தீர்ப்பு.

இவ்விடத்தைப் படித்தபோது நாம் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். நம் கடைத்தெருவின் எழுத்துக்கூட்டல்கள் தோன்றிய வழிகளையெல்லாம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்விமாம் வரிசைப்படுத்திவிட்டார்களே! ஓதுதலில் நாம் போட்ட ழகரத்துக்கும் அங்கே தனிச் சலுகை இல்லை. ழகரமும் ளாது அன்று. லகரமும் ளாது அன்று. ஒன்று நமக்குப் பிடித்த நிழல். மற்றொன்று மோதினாருக்குப் பழகிய நிழல். ஒரு நிழலை அழித்துவிட்டு இன்னொரு நிழலை வரைந்து, அதற்கு ‘அறிவு’ என்று பெயர் சூட்டினோம்.

அதை நாம் உணர்ந்தபோது அவர் மண்ணறையில் இருந்தார். பிழை பொறுக்கும்படி நேரில் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமற் போயிற்று.

இன்றும் நாம் ‘ரமழான்’ என்றே எழுதுகிறோம். வளைந்து கீழிறங்கும் அந்த ழகரத்தின் வடிவம் நம் கண்ணுக்கு இனிக்கிறது. அதைக் காணும்போது நோன்புக் கஞ்சியின் மணமும் தராவீஹின் வரிசைகளும் உடன் வருகின்றன. அது நம் விருப்பம். அதை நாம் விடப்போவதில்லை. ஒரே நூலில் ஒரே எழுத்துக்கூட்டலைப் பேணுதல் நல்லது என்றும் மாணவர்க்குச் சொல்கிறோம். ஆனால் அவர்களின் தாள்களில் ‘ரமலான்’ என்றோ ‘ரமளான்’ என்றோ வரும்போது நம் சிவப்பு மை அதைத் தொடுவதில்லை. ‘ரம்ஜான்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அது எந்த வழியாக எங்கள் ஊருக்கு வந்தது என்னும் கதையைச் சொல்லித் தருகிறோம். அந்தப் பிள்ளையின் பாட்டி அப்படித்தான் அழைத்திருப்பாள். அவள் நோன்பு நம் நோன்பைவிடச் சிறந்ததாகவும் இருந்திருக்கலாம்.

ஓதும்போது இமாம்கள் வகுத்த சட்டத்துக்கு நாவைப் பணிய வைப்போம். எழுதும்போது விருப்பம் விருப்பமாகவே இருக்கட்டும். அதனைக் கொண்டு ஒரு சகோதரரின் கையிலிருந்து எழுதுகோலைப் பறிக்க வேண்டாம். பறித்தவன் ஒருவனின் அனுபவம் இது. வல்ல அல்லாஹ் அந்த மோதினாரின் மண்ணறையை ஒளிமயமாக்கி, நம் பிழையையும் பொறுத்தருள்வானாக. ஆமீன்.